கள்ளனுக்கு எஸ்கார்ட்

அப்பாவுக்கு வருசத் திதி கொடுத்து முடித்த மறுநாள் அம்மாவே ஆரம்பித்தாள். "ஒரு வருசமா எந்தக் கோயில் வாசலையும் மிதிக்கல. கருப்பனைப் பாத்துட்டு வந்துருவமாடா?" கார் எடுக்கிறேன் என்றேன். வேண்டாமாம். உங்கப்பா நம்மளைக் கூட்டிப்போன மாதிரி பஸ்ஸிலேயே போகணும் என்றாள்.

மதுரையிலிருந்து அழகர்கோயில் 21 கிலோமீட்டர். தல்லாகுளம், புதூர், மூன்றுமாவடி, கடச்சனேந்தல், அப்பன்திருப்பதி, கள்ளந்திரி, பொய்கைக்கரைப்பட்டி என்று போகும் சாலை. சித்திரையில் அழகர் இறங்கி வருவதும் இதே வழிதான். ஊர் முழுக்கத் திரண்டு அவரை எதிர்கொண்டு அழைக்கும் எதிர்சேவை மூன்றுமாவடியில் நடக்கும். போலீஸ்காரரான அப்பாவுக்கோ இந்தச் சாலை முழுக்க டூட்டி பாயின்ட். இந்த மண்டகப்படியில் கயிறு கட்டணும், இந்தத் திருப்பத்தில் தட்டி வைக்கணும், இங்கே ஒருதரம் காணாமல்போன பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு ரெண்டு மணி நேரம் நின்றேன் என்று பஸ் ஜன்னல் வழியாகக் காட்டிக்கொண்டே வருவார். ஒரு இடத்தைக்கூட சாமி நின்ற இடம் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

1985இல் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தவர், 2019இல் எஸ்.எஸ்.ஐ.யாக, அதாவது சிறப்பு சார்பு ஆய்வாளராக, ஓய்வு பெற்றார். 34 வருசத்தில் சித்திரைத் திருவிழா பந்தோபஸ்துக்குப் போகாத வருசங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெரும்பாலும் உண்டியல் வண்டிக் காவல். அழகர் மதுரைக்குக் கிளம்பும்போது உண்டியல்களும் வண்டியில் ஏறிக் கூடவே வரும். பெருமாள் அன்றைக்குக் கண்டாங்கி உடுத்தி, கையில் நெறிக்கம்பு பிடித்துக் கள்ளர் திருக்கோலத்தில் இருப்பார். "போலீஸ்காரன் கள்ளனுக்கே எஸ்கார்ட் போறேன் பாத்தியா?" என்று வருசா வருசம் சொல்லிவிட்டு பூட்ஸ் கயிற்றைக் கட்டுவார். அம்மா வருசா வருசம் சிரிப்பாள்.

போனால் நாலைந்து நாள் வீடு திரும்ப மாட்டார். வரும்போது காக்கிச் சட்டையில் வேர்வை காய்ந்து வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். துருத்தி என்ற தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் இவரையும் நனைத்திருப்பார்கள். பையைத் துழாவினால் யாரோ கொடுத்த சர்க்கரையும் பொட்டுக்கடலையும் கரைந்து ஒட்டிக்கொண்டு வரும். எங்களுக்கு வந்த சித்திரைத் திருவிழா அவ்வளவுதான். போலீஸ் லைன் வீட்டுப் பிள்ளைகள் யாரும் வைகைப் பக்கம் போனதில்லை. ஒருமுறை அழுது அடம்பிடித்தேன். "கூட்டத்துல நான் உங்களைத் தேடுவேனா, ஊரைப் பாப்பேனாடா?" என்றார்.

அதற்குப் பதிலாகத் திருவிழா முடிந்து, ஊரெல்லாம் அடங்கி, ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ அவருக்கு லீவு கிடைக்கும். காவலர்களுக்கு வார ஓய்வு என்று உத்தரவு வந்தது 2021இல். அதற்குள் அவர் வீட்டுக்கே வந்துவிட்டார். அந்தக் காலத்தில் லீவு என்றால் இன்ஸ்பெக்டரின் முகம் பார்த்துக் கேட்டு வாங்குவது. அப்படி வாங்கிய நாளில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடச் சொல்லி எங்களை அழகர்கோயிலுக்குக் கூட்டிப்போவார்.

முதலில் பதினெட்டாம்படிக் கருப்பு. அப்புறம்தான் பெருமாள். "ஆஜர் குடுத்துட்டு உள்ள போவோம்" என்பார். இந்தச் சந்நிதியில் சிலை கிடையாது. ராஜகோபுர வாசலின் பெரிய மரக்கதவுகள்தான் சாமி. சாத்திய கதவு முழுக்கச் சந்தனம் அப்பியிருக்கும். மலையாள தேசத்திலிருந்து அழகரின் சக்தியைக் கவர்ந்துபோக வந்த பதினெட்டு மந்திரவாதிகளைக் கொன்று பதினெட்டுப் படிக்கும் அடியில் புதைத்தார்கள் என்றும், அவர்களோடு காவலுக்கு வந்த கருப்பன் அழகரின் அழகில் மயங்கி இங்கேயே காவலுக்கு நின்றுவிட்டான் என்றும் கதை. கோயில் நடை சாத்தியதும் சாவி கருப்பனிடம்தான் என்பார்கள். அழகர் மதுரைக்குக் கிளம்பும்போது எடுத்துப்போகும் நகைகளின் பட்டியலை இந்தக் கதவு முன்னால் வாசித்த பிறகுதான் அவர் நகர்வார். திரும்பி வந்ததும் அதே பட்டியல் சரிபார்க்கப்படும். அப்பாவுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. "ஸ்டேஷன்ல பாரா மாத்தும்போது துப்பாக்கிய எண்ணிக் குடுப்போம்ல? அதுதான் இது."

இந்தக் கதவு முன்னால் பொய் சொன்னவன் விளங்கமாட்டான் என்பது மதுரைச் சுற்றுவட்டாரத்தின் நம்பிக்கை. கொடுக்கல் வாங்கல், வரப்புத் தகராறு எல்லாம் இங்கே வந்து சத்தியம் செய்து தீர்ந்திருக்கின்றன. ஸ்டேஷனில் விடிய விடிய விசாரித்தும் வாய் திறக்காதவன், "வா, கருப்பன்கிட்ட போவோம்" என்றதும் உட்கார்ந்து அழுததை அப்பா கதை கதையாகச் சொல்வார்.

அதனால்தான் 1998இல் வந்த அந்தப் பயணம் எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. ஏழாம் வகுப்பு. கிரிக்கெட் பந்துக்குப் பங்கு போட அப்பாவின் சட்டைப் பையிலிருந்து இருபது ரூபாய் எடுத்திருந்தேன். ரெண்டு நாள் கழித்து, "பையில நாப்பது ரூபா குறையுதே" என்று பொதுவாகச் சொன்னார். நான் எடுத்தது இருபது. போலீஸ்காரருக்கே கணக்குத் தப்புமா என்று குழம்பினாலும், போய்த் திருத்த முடியாத கணக்கு அது. அந்த வாரமே, "நாளைக்கு அழகர்கோயில்" என்றார். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

பஸ்ஸில் வாந்தி எடுத்தேன். கதவு முன்னால் நிற்கும்போது கால் நடுங்கியது. அப்பா என் தோளில் கை வைத்தார். கேட்கப்போகிறார், கேட்டுவிட்டார் என்றே இருந்தது. கேட்கவே இல்லை. பூசாரி கொடுத்த சந்தனத்தை எனக்குப் பூசிவிட்டு, அழகர்கோயில் தோசை வாங்கித் தந்தார். மிளகும் நெய்யும் போட்ட தடித்த தோசை. பல்லுக்கு வேலை வைக்கும். அன்றைக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

வேலைக்குப் போன பிறகு ஒருநாள் துணிந்து கேட்டேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "சத்தியம் வாங்குறதெல்லாம் ஸ்டேஷனுக்கு வர்றவன்கிட்ட. வீட்ல யாராச்சும் வாங்குவானா?"

அவருடைய கடைசி பந்தோபஸ்து 2019. ஏப்ரல் 18 அன்று நாடாளுமன்றத் தேர்தல். அன்றைக்கே மீனாட்சியம்மன் தேர், எதிர்சேவை எல்லாம். மதுரைக்கு மட்டும் வாக்குப்பதிவை இரவு எட்டு மணி வரை நீட்டினார்கள். மறுநாள் விடிந்தால் அழகர் ஆற்றில். மேயில் ஓய்வு. "அடுத்த வருசம் சாதா ஆளா உன் அம்மாவோட போய் நிக்கப் போறேன்" என்றார். அடுத்த வருசம் கொரோனா, அழகர் மலையை விட்டே இறங்கவில்லை. 2021இல் எல்லாம் கோயிலுக்குள்ளேயே முடிந்தது. 2022இல் இறங்கினார். ஆனால் அப்பாவுக்கு முழங்கால் போய்விட்டது. டிவியில் பார்த்தார். அதிலும் அழகரைப் பார்த்தாரா தெரியவில்லை. "அங்கிட்டுத் தட்டி இல்லையே, ஆளுக எல்லாம் ஒரே பக்கமா வருதே" என்று திரையோடு பேசிக்கொண்டிருந்தார். நெரிசலில் ரெண்டு பேர் இறந்த செய்தி வந்ததும் டிவியை அணைத்தவர், அன்றைக்குச் சாப்பிடவில்லை.

இந்தமுறை கருப்பன் முன்னால் கூட்டம் குறைவு. பூசாரி சந்தனத்தை நீட்டினார். அம்மா கையை நீட்டவில்லை. புரிந்துகொண்டார் போல. "இவருக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாதுத்தா, வச்சுக்க" என்றார். அம்மா ஒரு வருசத்துக்குப் பிறகு நெற்றியில் சந்தனம் வைத்தாள்.

உள்ளே சுந்தரராஜப் பெருமாள், கல்யாணசுந்தரவல்லித் தாயார். அவசரமில்லாமல் கும்பிட்டோம். பிறகு மேலே பழமுதிர்சோலை. வழியெல்லாம் குரங்குகள். அர்ச்சனைத் தட்டில் இருந்த பழத்தை ஒன்று பிடுங்கிக்கொண்டு போனது. அங்கிருந்து இன்னும் மேலே நூபுரகங்கை. ராக்காயி அம்மன் காலடியில் வரும் தண்ணீர், நாக்கில் லேசாக இரும்பு ருசி. அழகருக்குத் திருமஞ்சனம் இந்தத் தண்ணீரில்தான். அம்மா ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டாள்.

கிளம்பும்போது மறுபடியும் கருப்பன் வாசல். வரும்போது ஆஜர், போகும்போது ரிலீவ் என்பது அப்பா வகுத்த முறை. நான் பர்ஸிலிருந்து இருபது ரூபாய்த் தாளைத் தனியாக எடுத்து உண்டியலில் போட்டேன்.

"அது என்னடா தனியா?"

சொன்னேன். 27 வருசத்துக்கு முந்தைய சட்டைப்பை, பந்து, வாந்தி, எல்லாம். அம்மா கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"சீட்டுப் பணம் கட்ட இருபது ரூபா குறைஞ்சுச்சுடா" என்றாள். "அன்னைக்கு இந்த எடத்துல எனக்கும் காலு நிக்கல."

அவளும் ஒரு இருபது ரூபாயைப் போட்டாள். பஸ் வரும்வரை தோசையைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தோம்.