இரண்டு ஆப்பிள் தொட்டிகளும் ஒரு கூட்டுப்புழுவும்

மாடியில் ஆப்பிள் வைத்து இது மூன்றாவது வருடம். முதல் இரண்டு வருடமும் இலைதான், பூ இல்லை. இந்த வருடம் பூத்தது, காயும் பிடித்தது. நடந்ததை மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

என்னிடம் இருப்பவை அன்னா, டார்செட் கோல்டன் என்ற இரண்டு ரகங்கள். சாதாரண ஆப்பிள் மரம் பூக்க வேண்டுமென்றால், வெப்பம் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கிய குளிர் ஏறக்குறைய 800 முதல் 1000 மணி நேரம் வரை தேவை. இந்த இரண்டுக்கும் அவ்வளவு வேண்டாம். அன்னா இஸ்ரேலில் உருவாக்கிய ரகம், 200, 300 மணி நேரக் குளிரே அதற்குப் போதும். டார்செட் பஹாமாஸ் தீவுகளில் கிடைத்தது, இன்னும் குறைவாகக் கேட்கும். ஒரே ரகத்தின் மகரந்தத்தில் ஆப்பிள் சரியாகக் காய்க்காது. அதனால்தான் இரண்டு. விதை போட்டால் தாய்மரத்தின் குணம் அப்படியே வராது என்பதால் ஒட்டுக்கன்றாகவே வாங்கினேன். நடும்போது ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும், அது முக்கியம்.

குளிரே இல்லாத இடத்தில் என்ன செய்வது? இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில், பத்து என்ற மலையூரில், அறுவடை முடிந்ததும் மரத்தின் இலைகளைக் கையால் உருவி விடுகிறார்கள். இலை போனதும் தூங்கப் போகவிருந்த மொட்டுகள் உடைந்து துளிர்க்கின்றன, கூடவே பூவும் வருகிறது. இந்த முறையில் வருடத்துக்கு இரண்டு அறுவடைகூட எடுக்கிறார்கள். படித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. கிளைகளை ஏற்கெனவே கயிறு கட்டிப் படுக்கைவாட்டில் வளைத்து வைத்திருந்தேன். நேராக நிமிர்ந்த கிளையைவிடப் படுத்த கிளைதான் நன்றாகப் பூக்கும். ஒரு காலையில் டார்செட்டை முடித்துவிட்டு அன்னாவில் உருவ ஆரம்பித்தேன்.

நான்காவது கிளையில் கை நின்றுவிட்டது. காம்புக்குக் கீழே, பச்சை நிறத்தில், நடுவே ஒரு பட்டு நூலை இடுப்புக் கயிறுபோலச் சுற்றிக்கொண்டு ஒரு கூட்டுப்புழு! பக்கத்துத் தொட்டியில் எலுமிச்சை இருக்கிறது. அதில் ஒரு மாதமாக எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சியின் புழுக்களைப் பார்த்து வந்தேன். முட்டை வெளிர் மஞ்சள், கடுகைவிடச் சிறிது. சின்ன வயதில் புழு பறவை எச்சம் மாதிரியே கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். வளர்ந்ததும் பச்சையாகிவிடும். அதைத் தொட்டால் தலைக்குப் பின்னால் ஒரு சிவந்த கவைக் கொம்பு வெளியே வரும், கூடவே காட்டமான வாடை. கூடு கட்டும் நேரத்தில் அது தின்ற செடியை விட்டு நடந்துபோகும். அப்படி நடந்து வந்து என் ஆப்பிள் கிளையைத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

அந்த ஒரு கிளையை அப்படியே விட்டுவிட்டு மற்றதை உருவினேன். இலைகளின் மறைவு போனால் பறவை கொத்திவிடும் என்ற பயம். வேப்பெண்ணெய் தெளிப்பையும் நிறுத்தினேன்.

ஒன்பதாம் நாள் மாலை கூடு கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே மடிந்திருந்த இறக்கையின் மஞ்சள் புள்ளிகள் வெளியே தெரிந்தன. மறுநாள் விடியற்காலையில் போனபோது அது ஏற்கெனவே வெளியே வந்து, வெற்றுக் கூட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. இறக்கை ஈரத் துணி மாதிரி சுருங்கிக் கிடந்தது. கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. பின்னிறக்கையின் சிவப்புப் பொட்டுதான் முதலில் கண்ணில் பட்டது. வெயில் ஏறியதும் பறந்துபோனது. நான் நின்ற இடத்திலேயே இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தேன்.

அன்றைக்கே அந்தக் கிளையையும் உருவினேன். அப்புறம் நடந்ததுதான் எனக்கே வியப்பு. டார்செட்டை முந்தின மாதம் பெரிய தொட்டிக்கு மாற்றியிருந்ததால் அது மெதுவாகத்தான் துளிர்த்தது. அதில் பூ விரிந்தபோது அன்னாவின் முதல் பூக்கள் உதிர்ந்து முடிந்திருந்தன. தாமதமாக உருவிய அந்த ஒரு கிளை மட்டும் அப்போது பூத்திருந்தது. சின்னத் தூரிகையால் இரண்டு பக்கமும் மகரந்தத்தை மாற்றிவிட்டேன். தேனீயும் வந்தது. பட்டாம்பூச்சிகளும் வந்தன, ஆனால் அவை நீண்ட உறிஞ்சுகுழலை நீட்டித் தூரத்திலிருந்தே தேனைக் குடித்துவிடுகின்றன, மகரந்தம் அவ்வளவாக ஒட்டுவதில்லை. மகரந்த வேலைக்குத் தேனீதான்.

பதினொரு பிஞ்சு பிடித்தது. தொட்டி மரத்துக்கு அது அதிகம் என்று கொத்துக்கு ஒன்று வைத்து மீதியைக் கிள்ளினேன். நான்கு மிஞ்சின. மூன்று இப்போது அன்னாவில் ஒரு பக்கம் சிவந்து வருகின்றன. டார்செட்டில் இருந்த ஒன்றைப் பறவை கொத்திப் போட்டது. அதை எறியாமல் இரண்டாக நறுக்கி ஒரு தட்டில் வைத்தேன். இரண்டு நாளில் புளித்த வாசனை வந்தது. பொழுது மங்கும் நேரத்தில், காய்ந்த இலை போலவே இருக்கும் ஒரு பழுப்புப் பட்டாம்பூச்சி வந்து அதில் உட்கார்ந்தது. பூவில் இந்த வகையை நான் பார்த்ததே இல்லை. இறக்கையை மூடிக்கொண்டு, இருட்டும் வரை எழும்பாமல் குடித்தது. நாளைக்கும் தட்டை அங்கேயே வைக்கப் போகிறேன்.