வெறுவயிறும் விரதமும்

போன ஐப்பசியில் கந்தசஷ்டி தொடங்கின அன்று அம்மா தன்ர சீனி வருத்தக் குளிசைப் பையைச் சாமியறை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினா. ஆறு நாளும் மத்தியானம் ஒருநேரம் பழமும் பாலும்தான். ஏழாம் நாள் பாறணை முடிந்த பிறகே அலுமாரி திறபட்டது. அடுத்த கிளினிக்கில் சீனி எகிறிப்போய் நின்றது. கொப்பியைப் புரட்டின வைத்தியர் அம்மாவை விட்டிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "சொல்வழி கேளாத ஆக்கள்."

எனக்கு முகம் சுருங்கிப்போனது. நான் வேலையில் உளவளத்துணையாளர். வேலையோடு சேர்த்துச் சுகாதார உளவியலில் பட்டப்பின் படிப்பும் படிக்கிறேன். ஆய்வுக்குத் தலைப்புக் கேட்டபோது இதையே கொடுத்தேன்: நீரிழிவுள்ளவர்கள் விரத நாட்களில் மருந்தை என்ன செய்கிறார்கள், ஏன்? முறைசார் இலக்கிய மீளாய்வாகச் செய்யச் சொன்னார்கள், அதாவது ஒரு கேள்விக்கு வந்த ஆய்வுகளையெல்லாம் ஒழுங்காகத் தேடித் திரட்டிப் பார்ப்பது. "இலக்கியமோ? பட்டிமன்றத்துக்கோ போறாய்?" என்று அம்மா கேட்டா.

முதல் வகுப்பில், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி இப்படி மீளாய்வு செய்கிற கொக்ரேன் அமைப்பின் சின்னத்தைக் காட்டினார்கள். வட்டத்துக்குள் ஏழு கிடைக்கோடுகள், நடுவில் ஒரு நிலைக்கோடு, கீழே ஒரு சாய்சதுரம். குறைமாதப் பிரசவம் வரும்போலிருக்கும் தாய்மாருக்கு ஸ்டீரொயிட் ஊசி போட்ட ஏழு பரிசோதனைகள்தான் அந்த ஏழு கோடுகள். முதலாவதின் முடிவு 1972இலேயே வந்துவிட்டது. தனித்தனியாகப் பார்த்தால் பல கோடுகள் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெளிவாகச் சொல்லாமல் நடுக்கோட்டை வெட்டிக்கொண்டு நிற்கும். எல்லாவற்றையும் சேர்த்தால், அதுதான் அந்தச் சாய்சதுரம், பிள்ளை பிழைக்கும் என்று துலக்கமாகத் தெரிகிறது. சேர்த்துப் பார்க்க ஆளில்லாமல் எத்தனை வருடம் போனது என்று யோசித்தபோதுதான், இது சும்மா கட்டுரை வாசிக்கிற வேலையில்லை என்று மண்டையில் ஏறியது.

தேடல்தான் என் கண்ணைப் பிதுக்கியது. ஒரே நோய்க்கு எங்களிடமே நீரிழிவு, சலரோகம், சீனி வருத்தம், சர்க்கரை நோய் என்று நாலு பெயர். ஒன்றை மட்டும் போட்டுத் தேடினால் மற்ற மூன்று பெயரில் எழுதியவர்கள் அகப்படமாட்டார்கள். அதனால் ஒரு பொருளுக்குரிய சொற்களையெல்லாம் 'அல்லது' போட்டு ஒரு கட்டாகக் கட்டி, கட்டுக்கும் கட்டுக்கும் நடுவில் 'மற்றும்' போட வேண்டும். இது சுகமாக விளங்கியது. ஆனால் விரதத்துக்கு 'ஃபாஸ்ற்றிங்' என்று மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் போட்டேனோ இல்லையோ, வெள்ளம்போல வந்து கொட்டியது. திறந்து பார்த்தால் எல்லாம் இரத்தப் பரிசோதனை! 'ஃபாஸ்ற்றிங் சுகர்'. வெறுவயிற்றில் இரத்தம் எடுத்தவர்கள் அத்தனை பேரும் என் விரதக்காரர் ஆகிவிட்டார்கள். தமிழில் வெறுவயிறு வேறு, விரதம் வேறு. அம்மாவிடம் போய் "கிளினிக்குக்கு விரதத்தோட வாங்கோ" என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். ஒரு கிழமை மினக்கெட்டு, சமயச் சொற்களைப் பக்கத்தில் சேர்த்துச் சேர்த்துத்தான் வெள்ளம் வடிந்தது.

வடிந்த பிறகு மிஞ்சியதில் மிகப் பெரும்பாலானவை ரமழான் நோன்பு பற்றியவை. அதில் நியாயம் உண்டு. 2001இல் 13 நாடுகளில் 12,000க்கு மேற்பட்ட நீரிழிவுக்காரரிடம் கேட்டுச் செய்த பெரிய ஆய்வே அவர்களிடம் இருக்கிறது. எங்கள் 21 நாள் கௌரிக் காப்புக்கும் ஆறு நாள் சஷ்டிக்கும் அப்படி ஒன்று என் தேடலில் அகப்படவில்லை. சஷ்டியை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று தாளில் எழுதத் தொடங்கி, பதினொன்றில் நிறுத்தினேன். கூகிள் ஸ்கொலர் இலட்சக்கணக்கில் இருக்கிறது என்று பீற்றும். முதல் 1,000க்கு மேல் கண்ணில் காட்டாது. ஈழத்து நூல்களைத் திரட்டி வைத்திருக்கும் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் தமிழில் தேடியபோது பழைய சுகாதார மலர்கள் வந்தன. ஆசையாக வாசித்தேன், ஆனால் அவை ஆய்வுகளில்லை.

அகப்பட்ட கட்டுரைகளில் எது வேண்டும், எது வேண்டாம் என்று தேர்வு செய்ய இரண்டாவது ஆள் வேண்டும். காத்தான்குடியில் இருக்கும் என் வகுப்புத் தோழி சம்மதித்தாள். முதல் 100 சுருக்கங்களை ஒருவர் முடிவை ஒருவர் பாராமல் பிரித்தோம். 86இல் ஒரே முடிவு. பரீட்சையென்றால் ஏ தரம் என்று துள்ளினேன். முழுப் பொருத்தத்துக்கு 1 தரும் கப்பா என்ற எண்ணைக் கணக்கிட்டால் 0.45! அந்த 100இல் பெரும்பாலானவை எப்படியும் தள்ளுபடியாகப் போகிறவை. இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு அநேகமானதுக்கு 'வேண்டாம்' என்று அடித்துக்கொண்டு போனாலும் முக்கால்வாசி பொருந்திவிடும். அந்தத் தற்செயலைக் கழித்துவிட்டு எஞ்சுவதை அளக்கத்தான் ஜேக்கப் கோஹன் 1960இல் இந்த எண்ணைக் கொடுத்தார்.

பொருந்தாத 14ஐயும் ஸூமில் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மருந்து நேரத்தை மாற்றிய எல்லாரையும் நான் 'மருந்தை விட்டவர்' கணக்கில் போட்டிருந்தேன். தோழி மறித்தாள்:

"புள்ள, நோன்பெண்டா விடியச் சாப்பிடுற சஹர் இருக்கு. எங்கட உம்மா காலக் குளிசைய நோன்பு துறக்கக்குள்ளதான் போடுவா. டொக்டர்தான் அப்பிடிப் போடச் சொன்னவர். அது விட்டதா?"

என்னிடம் பதில் இல்லை. விட்டது, நேரம் மாற்றியது, வைத்தியரைக் கேட்டு மாற்றியது என்று மூன்றாகப் பிரித்து விதியைத் திருத்தி எழுதினோம். ஆய்வுத் திட்டத்தை முன்கூட்டியே யோர்க் பல்கலைக்கழகத்தின் புறொஸ்பெரோ என்ற மீளாய்வுப் பதிவேட்டில் பதிந்திருந்ததால், திருத்தத்தையும் திகதியோடு அங்கே காட்ட வேண்டியிருந்தது. கள்ளத்தனமாக மாற்ற ஏலாது. இது எனக்கு வேறொரு இடத்திலும் தடையாக நின்றது. என் மனதில் இருந்ததை அப்படியே சொன்ன கட்டுரை ஒன்று, பக்தி கூடினால் மருந்து குறையும் என்று. சேர்க்க எவ்வளவோ ஆசை. ஆனால் அது தரவு ஏதுமில்லாத கருத்துக் கட்டுரை. நீக்கிய காரணம் என்ற கட்டத்தில் நானே அதை எழுதினேன்.

எத்தனை கட்டுரை வந்தது, எத்தனை தள்ளுபடி, எத்தனை மிஞ்சியது என்று காட்டுகிற பிறிஸ்மா படத்தில் பெட்டிக்குப் பெட்டி கணக்கு ஒத்துவர வேண்டும். எனக்கு இரண்டு இடித்தது. இரவு ஒரு மணிவரை எக்செலோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் பார்த்தால், இரண்டு ஆய்வுகளை அவரவர் இரண்டிரண்டு கட்டுரையாக வெளியிட்டிருந்தார்கள். கட்டுரை 16, ஆய்வு 14. படத்தில் இரண்டையும் வேறு வேறாக எழுத இடமே இருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை.

தரவு எடுக்கும் அட்டவணையில் 'காரணம் கேட்கப்பட்டதா' என்று ஒரு நிரல் வைத்திருந்தேன். நிரப்பிக்கொண்டு போகையில் 'இல்லை', 'இல்லை' என்று வந்தது. எத்தனை பேர் விட்டார்கள் என்று எண்ணியிருக்கிறார்கள், ஏன் என்று கேட்கவில்லை. ஐந்தாவது 'இல்லை'யை அடிக்கும்போது கை நின்றது. நான் கேட்டேனா? எழும்பிக் குசினிக்குப் போனேன்.

"அம்மா, சஷ்டிக்கு ஏன் குளிசையை விட்டனீங்கள்?"

"வெறுவயித்தில அந்தச் சின்னக் குளிசையைப் போட்டா கை நடுங்கும் பிள்ளை. வேர்த்துக் கொட்டும். முந்தி ஒருக்கா கிணத்தடியில விழப் பாத்தனான்."

சின்னக் குளிசை கிளிக்லசைட். சாப்பிடாமல் போட்டால் சீனியை மட்டுமிஞ்சி இறக்கக்கூடியது. பெரியது மெற்ஃபோமின், அது தனியே அப்படிச் செய்வது அரிது. எது நடுங்க வைத்தது என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தும் பயத்தில் இரண்டையும் சேர்த்துப் பூட்டியிருக்கிறா.

"ஏன் கிளினிக்கில சொல்லேல்லை?"

"ஆர் கேட்டவை?"

அம்மாவின் பதிலுக்கு என் அட்டவணையில் இடமில்லை. 14 ஆய்வுகளில் அவ இல்லை. இந்த முறை கௌரிக் காப்புக்கு முன்னம் ஒரு கிளினிக் திகதி வருகிறது. கொப்பியின் பின்மட்டையில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறா: "சின்னக் குளிசை. கேக்க வேணும்."