பாஸ்போர்ட்டில் விசா எங்கே? என்ஆர்இ கணக்குக்காக அலைந்த கதை

என்ஆர்இ கணக்கு (வெளிநாட்டில் இருக்கும் இந்தியர் அங்கே சம்பாதிக்கும் பணத்தை ஊரில் போட்டு வைக்கும் வங்கிக் கணக்கு) ஒருவழியாகத் திறந்தாயிற்று. விடுமுறையில் பாதி வங்கி வாசலிலேயே போய்விட்ட எரிச்சல் மட்டும் இன்னும் அடங்கவில்லை. அமீரகத்திலிருந்து இதே வேலையாக ஊருக்கு வருகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு விமானம் ஏறுங்கள்.

வீட்டுக் கடன் கேட்கப் போன இடத்தில் என்ஆர்இ கணக்கு அறிக்கை வேண்டும் என்றார்கள். கூடவே, ஊரில் உள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓவாக, அதாவது வெளிநாட்டில் இருப்பவரின் உள்ளூர் வரவுக்கான கணக்காக, மாற்றச் சொன்னார்கள். ஃபெமா எனும் அந்நியச் செலாவணிச் சட்ட விதி அப்படித்தான். ஆனால் ஷார்ஜாவில் எங்கள் கேம்பில் பெரும்பாலானவர்கள் இன்னும் பழைய கணக்குக்குத்தான் அனுப்புகிறார்கள். பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்ச் கவுன்டரில் அதை யாரும் கேட்பதில்லை.

அறந்தாங்கியில் எங்கள் கிளையில் படிவம், பான், போட்டோ எல்லாம் சட்டென்று முடிந்தது. அப்புறம் கவுன்டர் மேடம் என் பாஸ்போர்ட்டை முன்னும் பின்னும் புரட்ட ஆரம்பித்தார்.

"விசா எங்க சார்?"

2022 ஏப்ரலிலிருந்து அமீரகத்தில் பாஸ்போர்ட்டில் விசா ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை, எமிரேட்ஸ் ஐடிதான் குடியிருப்புச் சான்று என்று சொல்லி அட்டையை நீட்டினேன்.

"இது அந்த ஊரு ஆதார். எங்க லிஸ்ட்ல விசா காப்பின்னுதான் போட்டிருக்கு."

ஸ்டிக்கரே இல்லாதபோது அதற்கு எங்கிருந்து காப்பி எடுப்பது? புதுக்கோட்டை மெயின் பிராஞ்சில் கேளுங்கள் என்றார்கள். பஸ் பிடித்துப் போனால், "கணக்கு எங்க இருக்கோ அங்கதான் செய்யணும்" என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டு கிளையிலும் சுவரில் என்ஆர்இ டெபாசிட் விளம்பரம் பெரிதாகத் தொங்குகிறது. ரிசர்வ் வங்கிக் கணக்குப்படி 2023-24இல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்த பணம் 118.7 பில்லியன் டாலர். அதில் 19.2 சதவீதம் அமீரகத்திலிருந்து மட்டும். தமிழ்நாட்டுக்கு வந்த பங்கு 10.4 சதவீதம். எங்கள் பக்கத்தில் தெருவுக்குத் தெரு வளைகுடா வீடு இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் வங்கி லிஸ்ட்டைப் புதுப்பிக்க ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

வழி சொன்னது என் மச்சான். அமீரகத்தில் அடையாள அட்டை, விசா வேலைகளைப் பார்க்கும் ஐசிபி ஆணையத்தின் செயலியில் குடியிருப்பு விசா விவரத்தைப் பிடிஎஃப்பாக இறக்கலாம். அதைக் கலர் பிரிண்ட் எடுத்து, எமிரேட்ஸ் ஐடி நகலோடு நேரே மேனேஜரிடம் நீட்டினேன். அவர் கவுன்டர் மேடத்தையும் கூப்பிட்டார். மேடம் பார்த்துவிட்டு, "இதைத்தானே சார் முதல்லயே கேட்டேன்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. காரியம் ஆக வேண்டுமே.

அடுத்தது பெயர். ஆதாரிலும் பாஸ்புக்கிலும் இனிஷியல். பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர் முழுசாக, அதுவும் என் பெயருக்குப் பின்னால். இரண்டும் ஒரே ஆள்தான் என்று முத்திரைத்தாளில் நோட்டரி உறுதிமொழி வாங்கிக் கொடுத்தேன். உங்களுக்கும் இப்படி இருந்தால் வங்கிக்குப் போகும் முன்பே அதை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேட்ட பிறகு ஓடினால் அன்றைய நாள் அவ்வளவுதான்.

கவுன்டரில் யாரும் தானாகச் சொல்லாத சில விஷயங்கள் இருக்கின்றன. கடை வாடகை, நிலம் விற்ற பணம் போன்ற உள்ளூர் வரவுக்குப் பொதுவாக என்ஆர்ஓ கணக்குதான். என்ஆர்ஓ வட்டியில் 30 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் வரியாகப் பிடிப்பார்கள். என்ஆர்இ வட்டிக்கு இங்கே வருமான வரி கிடையாது. ஆகவே சேமிக்க நினைக்கும் சம்பளப் பணத்தை என்ஆர்இக்கே அனுப்புங்கள். வீட்டுச் செலவுக்கு அம்மா பணம் எடுக்க வேண்டுமென்றால் நம் கணக்கை இயக்க அவருக்கு அனுமதி தரும் மேண்டேட் படிவம் என்று ஒன்று உண்டு. நீங்களாகக் கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். எனக்கே, "அதெல்லாம் வேணாம் சார், உங்க கார்டைக் கொடுத்துட்டுப் போங்க" என்றுதான் அறிவுரை கிடைத்தது! விடாமல் கேட்டு வாங்கி, அம்மாவின் கையெழுத்தையும் அன்றே பதிய வைத்தேன்.

திரும்பிப் போனதும் எக்ஸ்சேஞ்சில் பெனிஃபிஷியரி விவரத்தை, அதாவது பணம் போய்ச் சேரும் கணக்கு எண்ணை, மாற்ற மறக்காதீர்கள். பழைய எண்ணையே விட்டு வைத்தால் பணம் என்ஆர்ஓவில் போய் விழும். கடனுக்குக் காட்ட வேண்டிய என்ஆர்இ அறிக்கையில் வரவே இருக்காது.

கடைசியாக, வீட்டுக் கடனுக்கு உங்கள் சார்பில் கையெழுத்துப் போட ஊரில் ஒருவருக்குப் பவர் கொடுக்க வேண்டியிருக்கும். அதை விடுமுறையிலேயே முடித்துவிடுங்கள். வெளிநாட்டில் எழுதினால் இந்தியத் தூதரகச் சான்று வாங்க வேண்டும், ஊருக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையும் கட்ட வேண்டும். நான் மச்சான் பெயருக்கு எழுதி முடித்தது விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் சாயங்காலம். கடன் ஃபைலைத் தூக்கிக்கொண்டு இப்போது அலைவது அவர்தான்.