பழியெல்லாம் வயிற்றுக்கு

"எல்லாம் கர்ப்பப்பைக் கோளாறுதாம்ட்டி."

பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் மருமகளிடம் ஒரு ஆச்சி. அந்தப் பிள்ளை ஸ்கேன் கவரின் ஓரத்தை மடிப்பதும் நிமிர்த்துவதுமாகவே இருந்தாள்.

கருமுட்டை வெளிவர உத்தரவு மூளையிலிருந்தல்லவா வருகிறது!

மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸில் கிஸ்பெப்டின் என்ற சமிக்ஞைப் பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் ரத்தத்திலுள்ள ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை உணர்கின்றன. மாதத்தில் பெரும்பாலான நாள் அந்த ஹார்மோன் இந்த உத்தரவை அடக்கியே வைக்கும். முட்டை முதிர்ந்து, ஈஸ்ட்ரோஜன் உச்சத்தில் நிலைத்தால் அதுவே தூண்டிவிடும். எனக்கு இன்னும் ஆச்சரியம் தீராத இடம் இதுதான்.

உடனே மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, முட்டையை வெளியேறத் தூண்டும் எல்.எச். ஹார்மோனைக் கொட்டும். சுமார் 36 மணி நேரத்தில் முட்டை வெளியேறும்.

பட்டினியும் ஓயாத மனஉளைச்சலும்கூட அந்த உத்தரவை நிறுத்திவிடக்கூடும். வீட்டில் அன்றாடம் விழும் ஏச்சையும் நான் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன்.