ஒரே பாட்டு, வேறு வேறு இரவு

அமெரிக்க ராக் இசைக்குழு கிரேட்ஃபுல் டெட்டின் 'டார்க் ஸ்டார்' பாட்டு 1968இல் சிங்கிளாக, அதாவது தனி இசைத்தட்டாக, வந்தபோது மூன்று நிமிடம்கூட இல்லை. அடுத்த வருடம் பிப்ரவரி 27, சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட் மேடையில் அதே பாட்டு இருபது நிமிடத்தைத் தாண்டிவிட்டது. 1972 ஆகஸ்டில், ஆரிகான் மாநிலத்தின் வெனிட்டா என்ற ஊரின் வெயிலில், அரை மணி நேரம். இந்த மூன்றையும் வரிசையாகக் கேட்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

இந்தக் குழுவின் கச்சேரிகளில், கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1977 மே 8 அன்று வாசித்ததைத்தான் பலரும் உச்சம் என்பார்கள். குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர் பதிவு செய்த அந்த ஒலி அவ்வளவு துல்லியம். அதில் 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' பாட்டு எங்கே முடிந்தது, 'ஃபயர் ஆன் த மவுண்டன்' பாட்டு எங்கே தொடங்கியது என்று கோடு போட முடியாது. நான் அந்த இடத்தில் ஜெர்ரி கார்சியாவின் கிட்டாரை விட்டுவிட்டு ஃபில் லெஷின் பேஸ் கிட்டாரை மட்டும் பிடித்துக்கொண்டு போவேன். அவர் தாளத்துக்குக் காவல் நிற்பவர் அல்ல. கார்சியாவின் கிட்டாரோடு பேசிக்கொண்டே நடப்பவர். (நல்ல ஹெட்போன் அவசியம்.)

ஆனாலும் என் ஓட்டு வெனிட்டாவுக்குத்தான். கார்னெலில் எல்லாம் கச்சிதம். வெனிட்டாவில் அடுத்து எங்கே போகப்போகிறோம் என்று வாசிப்பவர்களுக்கே தெரியாத நிமிடங்கள் இருக்கின்றன, கீத் காட்ஷோவின் பியானோ வழி தேடுகிறது, டிரம்ஸ் காத்திருக்கிறது. அந்தத் தேடலுக்காகத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறேன். புதிதாகக் கேட்பவர்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.