பார்த்தவர் கையெழுத்து

ஆம்பூருக்கு அருகில் உள்ள ஒரு காலணித் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அதற்கு முன்பு ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், பல ஆண்டுகள் இருந்தேன். சென்ற மாதம், புதிதாகச் சேர்ந்த பன்னிரண்டு பேருக்கு நிறுவனத்தின் நன்னடத்தை விதிகளை ஒரு மணி நேரம் விளக்கிச் சொல்லும்படி மனிதவளப் பிரிவினர் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் கொடுத்த கையேட்டில் 28 பக்கங்கள் இருந்தன. லஞ்சம் வாங்காதே, ரகசியம் காப்பாற்று, நிறுவனப் பொருளைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்தாதே, பெண்களை மரியாதையோடு நடத்து என்று எல்லாம் முறையாக இருந்தது. ஆனால் இத்தனை ஆண்டுகளில் எனக்கும் என்னுடன் வேலை பார்த்தவர்களுக்கும் உண்மையான சோதனையாக இருந்த ஒன்றைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. ஒரு தாளில் கையெழுத்துப் போடும்போது, அதில் எழுதியிருப்பதை நாம் உண்மையிலேயே பார்த்தோமா என்பதுதான் அது. கூட்டத்தில் அதை நான் முழுவதும் சொல்லவில்லை; மனிதவள அதிகாரி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இங்கே சொல்கிறேன்.

அந்தக் கையேட்டின் கடைசிப் பக்கத்திலேயே சிக்கல் தொடங்கிவிட்டது. 'மேற்கண்டவற்றைப் படித்துப் புரிந்துகொண்டேன்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, அதற்குக் கீழே கையெழுத்துக் கோடு. வந்திருந்தவர்களில் எட்டுப் பேர் தையல் பிரிவுக்குச் சேர்ந்த பெண்கள். குடியாத்தம், பேரணாம்பட்டு, மாதனூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். இரண்டு நிமிடங்களில் எல்லோரும் கையெழுத்திட்டுவிட்டார்கள். 1946-ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டம், வேலை நிபந்தனைகளையும் ஒழுங்கு விதிகளையும் ஆங்கிலத்திலும் பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் தொழிற்சாலை வாசலருகே பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று அப்போதே சொல்லியிருந்தது. சுதந்திரத்துக்கு முந்தைய சட்டத்தை எழுதியவர்களுக்குத் தோன்றிய இந்த எளிய விஷயம், பளபளப்பான கையேடு அச்சடிப்பவர்களுக்கு ஏன் தோன்றவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. நேர்மையைப் பற்றிய முதல் பாடத்தை ஒரு சிறிய பொய்யில் தொடங்குகிறோம்: படிக்காததைப் படித்ததாக எழுதி வாங்குகிறோம். 'ஆபீஸில் நீட்டும் தாளில் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டும்' என்பதைத்தான் அந்தப் பெண்கள் அன்று கற்றுக்கொண்டு போனார்கள்.

கம்பெனி ஊழியர்களுக்கான நடத்தை விதி என்றதும் வேலூர்க்காரனான எனக்குக் கோட்டைதான் நினைவுக்கு வருகிறது. 1805 நவம்பரில், சென்னைப் படையின் தலைமைத் தளபதி ஜான் கிரடாக், கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்களுக்கு ஒரு புதிய உடை ஒழுங்கைக் கொண்டுவந்தார். நெற்றியில் சமயக்குறி கூடாது, தாடி கூடாது, தோலில் செய்த சின்னம் குத்திய புதிய தொப்பியைத்தான் அணிய வேண்டும். விதியை எழுதியவர்கள் அதைக் கடைப்பிடிக்க வேண்டியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. 1806 ஜூலை 10 அதிகாலையில் என்ன நடந்தது என்பது ஊரறிந்த கதை. அதற்கு வேறு காரணங்களும் இருந்தன என்பதை அறிவேன். ஆனாலும் எங்கள் ஊரின் முதல் 'ஊழியர் நடத்தை விதி' எப்படி முடிந்தது என்று கூட்டத்தில் சொன்னபோது, அதுவரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இனி நான் போட்ட கையெழுத்துக்கு வருகிறேன்.

தோலைப் பதனிட நாங்கள் பயன்படுத்தும் குரோமியம் மூன்றாம் இணைதிற வகையைச் சேர்ந்தது. அதனால் பெரிய தீங்கில்லை. ஆனால் வெப்பம், வெளிச்சம், சரியாக நடுநிலையாக்காத டிரம் (தோலை ரசாயனத்தோடு சுழற்றும் பெரிய உருளை), தோலை மென்மையாக்கச் சேர்க்கும் சில வகை எண்ணெய்கள் ஆகியவை கூடினால், அதில் ஒரு பகுதி ஆறாம் இணைதிற குரோமியமாக மாறிவிடும். அது தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும், புற்றுநோய்க்கும் காரணியாகும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம், உடலில் படும் தோல் பொருட்களில் அது ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது என்ற வரம்பை 2015 மே 1 முதல் நடைமுறைப்படுத்தியது. ஒரே நாளில் ஒரே முறையில் ஓடிய இரண்டு டிரம்களிலிருந்து வெவ்வேறு முடிவுகள் வரக்கூடும் என்பதால், எந்த லாட், அதாவது எந்தத் தோல் தொகுதி, கப்பலேறுகிறதோ அந்த லாட்டிலிருந்தே மாதிரியை வெட்டி உறையிலிட்டு ஒட்டி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். உறையின் மேல் லாட் எண், டிரம் எண், தேதி ஆகியவற்றுக்குக் கீழே இரண்டு கோடுகள் இருக்கும். ஒன்று 'எடுத்தவர்', மற்றொன்று 'பார்த்தவர்'.

அந்த வரம்பு வந்து ஓராண்டு ஆகியிருந்த சமயம். மாலை ஆறு மணிக்கு மேல், ஒட்டி முடித்த ஓர் உறையோடு ஒருவர் என் மேசைக்கு வந்து, "சார், இதுல மட்டும் ஒரு கையெழுத்து, கூரியர் பையன் நிக்கிறான்" என்றார். நான் பையை மாட்டிக்கொண்டு பேருந்தைப் பிடிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தேன். நின்றபடியே போட்டேன். மாதிரி எந்த லாட்டிலிருந்து வெட்டப்பட்டது என்று நான் கேட்கவில்லை. யாரும் என்னை மிரட்டவில்லை. யாரும் எனக்குப் பணம் தரவில்லை. மேலதிகாரி கட்டளையிடவும் இல்லை. கையேடுகள் எச்சரிக்கும் எதுவுமே அங்கே நடக்கவில்லை. ஆறு பத்து பேருந்து மட்டும்தான் இருந்தது.

ஆய்வக முடிவு சுத்தமாக வந்தது. இரண்டு மாதங்களுக்குப் பிறகு, வாங்கியவர்கள் தங்கள் பக்கத்தில் செய்த சோதனையில் அளவு வரம்பைவிட இரு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. விசாரித்தபோது, அந்த மாதிரி முந்தைய வாரம் தேறிய வேறொரு லாட்டிலிருந்து வெட்டப்பட்டது என்பது தெரிந்தது. அப்படி வெட்டச் சொன்னவர் வாய்மொழியாகத்தான் சொல்லியிருந்தார். எங்கும் எழுத்தில் இல்லை. 'எடுத்தவர்' கோட்டில் கையெழுத்திட்டிருந்த உதவியாளரை வேலையை விட்டு அனுப்பினார்கள். அவருக்கு அப்போது இரண்டு சிறு பிள்ளைகள். 'பார்த்தவர்' கோட்டில் கையெழுத்திட்டிருந்த எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அடுத்த ஏப்ரலில் வழக்கமான சம்பள உயர்வும் வந்தது. வெட்டியவர், தனக்குச் சொன்னதைச் செய்தார் என்றாவது சொல்லலாம். நான் செய்தது அதைவிட மோசமானது என்பது இப்போது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. அவர் வெட்டுவதை ஒருவன் நின்று பார்ப்பான் என்ற நம்பிக்கை இருந்திருந்தால், அந்த வாய்மொழி உத்தரவே பிறந்திருக்காது.

இது ஒரு டேனரியோடு முடியும் விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்த தோல் ஆலைகளுக்கு அது தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. மாசுபடுத்துபவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கையும், தீங்கு நேரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற கொள்கையும் இந்த நாட்டின் சட்டத்தில் அடங்கியவை என்று சொன்னது. சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் எங்கள் மாவட்டத்தின் பெயரால் அதைப் படிக்கிறார்கள். தன் தொழிலால் தீங்கில்லை என்று காட்டும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது என்பதும் அதில் உண்டு. அந்தப் பொறுப்பை ஒரு தொழிற்சாலை எதைக் கொண்டு நிறைவேற்றும்? கழிவுநீர் மீட்டரில் காலையும் மாலையும் ஒருவர் பார்த்து எழுதும் எண்ணைக் கொண்டும், எந்த ரசாயனம் எவ்வளவு ஸ்டோர்ஸிலிருந்து வெளியே போனது என்ற பேரேட்டைக் கொண்டும்தான் நிறைவேற்றும். மாதம் பதினைந்தாயிரம் வாங்கும் ஒருவர், நேற்றைய எண்ணைப் பார்த்து இன்றைய எண்ணை ஊகித்து எழுதிவிட்டால், அதற்கு மேலே அடுக்கிய அறிக்கைகள் எல்லாம் அந்த ஊகத்தின் மேல்தான் நிற்கும். 2000 ஜூலையில் என்ரான் என்ற அமெரிக்க நிறுவனம் தன் ஊழியர்களுக்கு 64 பக்க நன்னெறிக் கையேடு கொடுத்தது. மறு ஆண்டு டிசம்பரில் பொய்க் கணக்குகள் வெளிப்பட்டுத் திவாலானது. எங்கள் 28 பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும்.

தணிக்கை நாட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சரக்கு வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் அனுப்பும் சமூகத் தணிக்கையாளர்கள், அதாவது தொழிலாளர்களை நடத்தும் விதத்தைச் சோதிப்பவர்கள், வருகிறார்கள் என்றால், இந்தத் தொழிலில் சில இடங்களில் இரண்டு வருகைப் பதிவேடுகள் உயிர்பெறும்: உண்மையானது ஒன்று, காட்டுவதற்கு ஒன்று. மிகைநேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே சொல்லப்பட்டது. அதைக் கொடுக்காத இடத்தில்தான் இரண்டாவது புத்தகம் தேவைப்படுகிறது. முன்பு ஓரிடத்தில், தணிக்கையாளரிடம் "ஆறு மணிக்கு வீட்டுக்குப் போயிடுவோம்" என்று சொல்லும்படி ஓர் அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வந்தவர், ஆறு மணிக்கு உங்கள் ஊருக்கு எந்தப் பேருந்து என்று கேட்டார். அக்காவுக்குத் தெரியவில்லை, அந்த நேரத்துப் பேருந்தில் அவர் போனதே இல்லை. பொய் சொல்லச் சொன்னவர்கள் யாருக்கும் அன்று வியர்க்கவில்லை. அந்த அக்காவுக்குத்தான் வியர்த்தது.

பரிசுப் பொருட்களைப் பற்றிக் கையேட்டில் நான்கு பக்கம் இருந்தது. என் அனுபவத்தில் அது அவ்வளவு பெரிய விஷயமல்ல. தீபாவளிக்கு வரும் ஆற்காடு மக்கன் பேடாவைப் பிரிவில் எல்லோரும் பிட்டுத் தின்றுவிட்டால் அதோடு முடிந்தது. ஒரு பசை விற்பனையாளர் எனக்கு இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் ஒரு பை கொண்டுவந்தார். புவிசார் குறியீடு பெற்ற காய் என்பதால் அதைப் பரிசுப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். நானும் எழுதினேன், 'கத்தரிக்காய், இரண்டு கிலோ' என்று. கத்தரிக்காயை விட, சொல்லாமல் மறைக்கும் உறவுதான் ஆபத்து. எங்கள் ஊர்களில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறை. லாரி ஒப்பந்தக்காரர் ஒருவருடைய மச்சானாக இருப்பார். பெட்டி தயாரிப்பவர் இன்னொருவருக்குச் சம்பந்தியாக இருப்பார். உறவு இருப்பதில் தவறில்லை. விலைப்புள்ளியை ஒப்பிடும் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் 'இவர் எனக்குச் சொந்தம், இதை வேறொருவர் பார்க்கட்டும்' என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். அந்த வரியை எழுத நமக்கு வரும் கூச்சம் விசித்திரமானது. கல்யாணப் பத்திரிகையில் ஊரறிய அச்சிடும் உறவை அலுவலகத்தில் மட்டும் மறைப்போம்.

தவறைக் கண்டால் யாரிடம் சொல்வது? பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களும், பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெறுபவையும், 50 கோடி ரூபாய்க்கு மேல் வங்கிக் கடன் வாங்கியவையும் புகார் சொல்பவரைப் பாதுகாக்கும் ஏற்பாட்டை வைத்திருக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம். எங்கள் பகுதியின் சிறிய ஆலைகள் பல இந்த வரையறைக்குள் வராதவை. பாலியல் தொல்லை பற்றிய புகார்களுக்கு நிலைமை வேறு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த இடமானாலும், மூத்த பெண் ஊழியர் ஒருவர் தலைமையில், பாதிக்குக் குறையாமல் பெண்களும் வெளியாள் ஒருவரும் உள்ள குழு இருந்தாக வேண்டும். கூட்டம் முடிந்ததும், எங்கள் அறிவிப்புப் பலகையில் உள்ள அந்தக் குழுவின் பட்டியலைப் போய்ப் பார்த்தேன். அதில் இருந்த தொலைபேசி எண்களில் ஒன்று, வேலையை விட்டுப் போய் ஓராண்டாகிவிட்ட ஒருவருடையது. அந்தப் பட்டியலைச் சரிபார்த்ததாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் கையெழுத்திட்டு வந்திருக்கிறார். இப்போது எண்ணை மாற்றிவிட்டார்கள். கையேட்டைத் தமிழில் தரும்படியும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒரு பெண்ணை எங்கள் பிரிவில்தான் போட்டார்கள். போன வியாழக்கிழமை மாலை, கன்டெய்னர் வாசலில் நிற்கும்போது, பேக்கிங் சூப்பர்வைசர் அந்தப் பெண்ணிடம் இறுதி ஆய்வுத் தாளை நீட்டினார். "நான் இன்னும் பெட்டியைப் பிரிச்சுப் பார்க்கலையே அண்ணா" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். ஆறு மணி ஆகப் பத்து நிமிடம் இருந்தது. நான் பையைக் கழற்றி வைத்துவிட்டு அவளோடு குடோனுக்குப் போனேன். பட்டியல்படி எடுக்க வேண்டிய பெட்டிகளை எடுத்து, ஜோடி ஜோடியாகப் பிரித்து, தையலையும் ஒட்டலையும் அளவு முத்திரையையும் பார்த்து முடிக்க ஐம்பது நிமிடம் ஆனது. ஒரு குறையும் இல்லை. எல்லாம் சரியாகவே இருந்தன. அவள் கையெழுத்திட்டாள். டிரைவர் இரண்டாவது டீயைக் குடித்து முடித்துவிட்டு வண்டியை எடுத்தார். நான் வேலூர் வந்து சேர இரவு ஒன்பதாகிவிட்டது.