ஒரு தாலி, மூன்று கோப்புகள்

எனக்கும் என் பிள்ளைகளின் அப்பாவுக்கும் விவாகரத்து ஆகவில்லை. ஆகவும் முடியாது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு கோயில் மண்டபத்தில், ஊரையே கூட்டி, அக்கினி சாட்சியாக அவர் தாலி கட்டினார். அந்தக் கல்யாணத்தை உள்துறை அலுவலகத்தில் யாரும் பதியவில்லை. நடத்திவைத்த குருக்கள் மந்திரத்தைச் சுத்தமாகச் சொல்பவர்தான். ஆனால் 1961ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின் கீழ் அரசு நியமித்த திருமண அதிகாரி அல்லர். இங்கே எனக்குத் தெரிந்தே பல தமிழ் வீடுகளில் இப்படித்தான் இருக்கிறது. பிரியும்போதுதான் அது தெரிய வருகிறது.

வக்கீல் அம்மாள் கேட்ட முதல் கேள்வியே திருமணச் சான்றிதழ் எங்கே என்பதுதான். நான் கல்யாண ஆல்பத்தைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. பதிவாகாத இந்துத் திருமணத்தை 1979ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின்படி நீதிமன்றத்தால் கலைக்க முடியாது, ஏனென்றால் கலைப்பதற்குச் சட்டத்தின் கண்ணில் அங்கே எதுவும் இல்லை என்றார். 2008இல் டர்பன் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறதாம். கோயிலில் மட்டும் மணந்த இந்துப் பெண்ணும், கணவன் உயில் எழுதாமல் இறந்தால், மனைவியாகச் சொத்தில் பங்கு பெறலாம். ஆக, அவர் இறந்தால் நான் மனைவி. உயிரோடு பிரிந்து போனால் யாரோ. இதைக் கேட்டு என் பெரியம்மா சொன்னதை இங்கே எழுத முடியாது.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நான் ஆண்டுதோறும் தில்லையாடி வள்ளியம்மையின் கதையைச் சொல்லிக்கொடுக்கிறேன். 1913இல் கேப் மாகாண நீதிபதி சியர்ல், நம்மவர்களின் சமயச் சடங்குத் திருமணங்கள் செல்லா என்று தீர்ப்பளித்தார். பெண்கள் சத்தியாகிரகத்தில் இறங்கினார்கள். சிறைக்குப் போய் நோயோடு வெளியே வந்த வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் இறந்தாள். அதே ஆண்டில் அந்தத் திருமணங்களுக்கு வழி செய்த இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. அவ்வளவு பேர் சிறை சென்ற விஷயத்தில், நூறு ஆண்டு கழித்தும் ஒரு பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து இருக்கிறதா இல்லையா என்பதில் வந்து நிற்கிறோம். முஸ்லிம் திருமணங்களுக்காவது 2022இல் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒரு வழி காட்டிவிட்டது.

ஆனால் வக்கீல் அம்மாள் அடுத்துச் சொன்னதுதான் எனக்குப் பிடிமானம் தந்தது. 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் 'திருமணம்' என்பதற்குத் தருகிற விளக்கத்தில் சமய முறைப்படி நடந்த திருமணமும் அடங்கும். விவாகரத்துச் சட்டம் பார்க்காத தாலியைக் குழந்தைகள் சட்டம் பார்க்கிறது. பிள்ளைகளைப் பொறுத்தவரை அவர் கணவராக இருந்த தகப்பன், நான் மனைவியாக இருந்த தாய். இருவருக்கும் முழுப் பொறுப்பும் முழு உரிமையும் உண்டு. அது மட்டுமல்ல, பிள்ளைக்குப் பராமரிப்புப் பணம் கட்டும் கடமைக்குத் திருமணமே தேவையில்லை. ஆகவே கணவன் மனைவிச் சண்டையை ஓரமாக வைத்துவிட்டு, பிள்ளைகள் விஷயத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளச் சொன்னார்: பணம், நேரம், கையெழுத்து. மூன்று கோப்பு அட்டைகள் வாங்கினேன். ஒன்றின் கோபத்தை இன்னொன்றில் நுழைய விடாமல் இருந்ததுதான் இந்தக் காலம் முழுவதும் நான் செய்த பெரிய வேலை.

முதலில் பணம். பராமரிப்பு நீதிமன்றம் என்பது தனிக் கட்டடம் இல்லை. நாம் அல்லது பிள்ளை குடியிருக்கும் பகுதியின் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே நடக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. ஜே 101 என்ற படிவத்தை வாங்கி நிரப்ப வேண்டும். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், அவருடைய வீட்டு முகவரி, வேலையிட முகவரி ஆகியவற்றைக் கொண்டு போனேன். படிவத்தின் உயிர் செலவுப் பட்டியலில் இருக்கிறது. வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம், சீருடை, பள்ளி வேன், மருந்து என்று ஒவ்வொன்றிலும் என் பங்கு எவ்வளவு, பிள்ளைகள் பங்கு எவ்வளவு என்று பிரித்து எழுத வேண்டும். நான் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலுள்ள பங்களாதேஷ் சந்தையில் காய்கறி வாங்கிய துண்டுச்சீட்டுகளைக்கூடச் சேர்த்து வைத்தேன். அங்கே துண்டுச்சீட்டு தருகிறவர்கள் குறைவு. கேட்டால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். இருந்தாலும் கேட்டேன்.

பராமரிப்பு அதிகாரி இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார். பாதிக்குப் பாதி என்ற கணக்கு இங்கே இல்லை. 1998ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டம், அவரவர் வசதிக்கேற்ப அவரவர் பங்கு என்கிறது. என் கையில் வருவது 12,000 ராண்ட், அவர் கையில் வருவது 24,000. பிள்ளைகளுக்கு மாதம் 9,000 ஆகிறது என்று ஒப்புக்கொண்டால், அவர் 6,000, நான் 3,000. கணக்கு எளிது, ஒப்புக்கொள்ள வைப்பதுதான் கடினம். அவருடைய பட்டியலில் புதுக் காரின் தவணை முதல் வரியில் இருந்தது. அதிகாரி பேனா முனையால் அந்த வரியைத் தொட்டு, "கார் சாப்பிட்ட மிச்சம்தான் பிள்ளைக்கா?" என்று கேட்டார். ஒரு அரசு ஊழியரை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது அன்றுதான். இருவரும் கையெழுத்திட்டோம், அது சம்மத ஆணையாயிற்று. ஒத்துப் போகாவிட்டால் மாஜிஸ்திரேட் முன்னால் முறையான விசாரணை நடந்திருக்கும்.

சில மாதங்கள் ஒழுங்காக வந்த பணம் பிறகு நின்றது. ஆணைப்படி கட்ட வேண்டிய பணம் பத்து நாள் கடந்தும் வராவிட்டால் அதே நீதிமன்றத்தில் மனுக் கொடுக்கலாம். சொத்தை ஜப்தி செய்யவோ, சம்பளத்திலிருந்தே பிடிக்கவோ ஆணை கேட்கலாம். நான் சம்பளத்தைக் கேட்டேன். ஆணை கிடைத்த பிறகும் அவர் வேலை பார்த்த நிறுவனத்தின் சம்பளப் பிரிவு அதைக் கிடப்பில் போட்டது. தொலைபேசினால், "எங்கள் கணினியில் இதற்கு இடமில்லை" என்றார்கள். ஆணையின் நகலை நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி, அதை நீதிமன்றக் கோப்பில் சேர்த்தேன். அடுத்த சம்பளத்திலேயே கணினியில் இடம் வந்துவிட்டது.

பணம் நின்றிருந்த அந்த நாட்களில்தான் பெரியம்மா, "காசு வரும்வரை பிள்ளைகளைக் கண்ணில் காட்டாதே" என்று அழுத்திச் சொன்னார். ஊரில் பாதிப் பேர் தருகிற யோசனை இது. சட்டம் வேறு விதமாகச் சொல்கிறது: பணம் வராததற்காகச் சந்திப்பை நிறுத்தக் கூடாது, சந்திக்க விடாததற்காகப் பணத்தையும் நிறுத்தக் கூடாது. சந்திப்புக்கு நீதிமன்ற ஆணையோ பதிவான உடன்படிக்கையோ இருந்து, அதை மீறித் தடுத்தால் தடுத்தவர் மீதே குற்ற வழக்கு வரும். வெள்ளிக்கிழமை மாலைகளில் பல்லைக் கடித்துக்கொண்டு பிள்ளைகளின் பையைக் கட்டினேன்.

இரண்டாவது கோப்பு, நேரம். கருத்து வேறுபாடு இருந்தால் நீதிமன்றத்துக்கு ஓடும் முன் பெற்றோர் உடன்படிக்கை ஒன்றை எழுத முயல வேண்டும் என்று குழந்தைகள் சட்டம் சொல்கிறது. குடும்ப அட்வகேட் அலுவலகம் (பிள்ளைகளின் நலனைக் கவனிக்கும் அரசுச் சட்ட அலுவலகம்), சமூகப் பணியாளர், மனநல நிபுணர் ஆகியோரில் ஒருவர் உதவியோடு எழுதலாம். இல்லாவிட்டால் தகுந்த ஒருவரின் சமரசத்தில் எழுதலாம். அரசின் குடும்ப அட்வகேட் அலுவலகத்தில் இது இலவசம். எங்களுக்கு அமைந்த ஆலோசகர் ஒரு ஜுலு அம்மாள், நிதானமானவர். அவர் கையில் ஒரு மாதிரி வரைவு இருந்தது: ஒன்றுவிட்டு ஒரு வாரக் கடைசி, பள்ளி விடுமுறையில் பாதி, கிறிஸ்துமஸ், ஈஸ்டர், அன்னையர் தினம், தந்தையர் தினம், பிறந்த நாள்.

தமிழ் வீட்டு நாட்காட்டி அதற்குள் அடங்கவில்லை. தீபாவளி இந்த நாட்டில் அரசு விடுமுறை இல்லை. ஆகவே 'விடுமுறையில் பாதி' என்ற வரி அதைத் தொடவே தொடாது. தைப்பூசக் காவடி யார் பக்கம், சித்திரைக் காவடி யார் பக்கம்? புனித வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு இரண்டு குடும்பமும் தலைமுறை தலைமுறையாகப் போகிறவர்கள். வரைவோ ஈஸ்டரை மூன்று நாளாக ஒருவர் கையில் கொடுத்துவிடுகிறது. அப்புறம் புரட்டாசி. எங்கள் வீட்டில் அந்த மாதம் முழுவதும் கவிச்சி கிடையாது. அவருடைய சகோதரர்கள் சனிக்கிழமை தவறாமல் பிராய் போடுகிறவர்கள், அதாவது முற்றத்தில் நெருப்பு மூட்டி இறைச்சி சுடுகிறவர்கள். "மாதம் முழுவதும் இறைச்சி இல்லையா? பிள்ளைகளுக்குமா?" என்று அந்த அம்மாள் வியப்போடு கேட்டார். நாங்கள் இருவரும் ஒரே குரலில் ஆமாம் என்றோம். பிரிந்த பிறகு நாங்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

கடைசியில் எழுதியது இப்படி: தீபாவளி ஆண்டுக்கு ஒருவர் பக்கம், மற்றவருக்கு அன்று மாலை இரண்டு மணி நேரம், தைப்பூசம் அவரோடு, சித்திரை என்னோடு, புனித வெள்ளியன்று பிள்ளைகள் கோயிலில், யார் வேண்டுமானாலும் வரலாம், புரட்டாசியில் எந்த வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சைவம். இதையெல்லாம் ஒரு அரசு அலுவலகத்தில் எழுதலாமா என்று கூச்சப்படாதீர்கள். பின்னால் சண்டை வருவது இந்த வரிகளில்தான்.

பிள்ளைகளோடு ஆலோசகர் தனியாகப் பேசினார். வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்பப் பிள்ளையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் 'உனக்கு அம்மா வேண்டுமா, அப்பா வேண்டுமா' என்று கேட்டு மூலையில் தள்ளவில்லை. என் மகள் கேட்டது ஒன்றே ஒன்று: யார் வீட்டில் இருந்தாலும் சனிக்கிழமைப் பரதநாட்டிய வகுப்புக்குக் கொண்டுபோய் விட வேண்டும். அதுவும் ஒரு வரியாக ஏறியது. உடன்படிக்கையைக் குடும்ப அட்வகேட் அலுவலகத்தில் பதிந்து வைக்கலாம், நீதிமன்ற ஆணையாகவும் ஆக்கலாம். ஆணையாக்கினால் பிறகு மாற்றுவதற்கும் நீதிமன்றத்துக்கே போக வேண்டும். நான் ஆணையைத்தான் விரும்பினேன்.

மூன்றாவது, கையெழுத்து. பிள்ளை யாரோடு வசிக்கிறது என்பது வேறு, பாதுகாவலர் யார் என்பது வேறு. நாங்கள் இருவரும் பாதுகாவலர்கள். பாஸ்போர்ட், நாட்டை விட்டு அழைத்துப் போவது, பிள்ளை பெயரிலுள்ள வீடு நிலத்தை விற்பது, தத்து கொடுப்பது, வயது வராத பிள்ளையின் திருமணம் ஆகியவற்றுக்கு இரண்டு பேர் சம்மதமும் வேண்டும். மகளின் நடன வகுப்பு சென்னைக்குப் புறப்பட்டபோது அவர் பாஸ்போர்ட் படிவத்தில் கையெழுத்திட மறுத்தார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. ஆனால் வக்கீல் அம்மாள் அவர் பக்கத்தையும் சொன்னார். கடத்தப்பட்ட பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவதற்கான 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் தென்னாப்பிரிக்கா இருக்கிறது, இந்தியா இல்லை. நான் அங்கேயே தங்கிவிட்டால் பிள்ளையைத் திரும்பப் பெற அவருக்கு நேரான வழி இல்லை. அந்தப் பயம் பொய்யில்லை.

உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டால் அவர் சம்மதம் இல்லாமலே அனுமதி பெறலாம். செலவும் காலமும் ஆகும். அதற்கு முன் ஒரு கடிதம் அனுப்பினோம்: திரும்பும் டிக்கெட்டின் நகல், தங்கும் முகவரி, தினமும் மாலையில் வீடியோ அழைப்பு, மகன் டர்பனில் அவரோடு. அந்தக் கடைசி வரிதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். கையெழுத்து வந்தது. பெற்றோர் இருவர் பெயரும் உள்ள முழுப் பிறப்புச் சான்றிதழும் அவருடைய சம்மத உறுதிமொழியும் என் கைப்பையிலேயே இருந்தன.

இப்போது கோயிலில் பார்க்கிறவர்கள் என்னைப் பாதி வக்கீலாக்கிவிட்டார்கள். ஆண் பிள்ளைக்கு ஏழு வயதானால் அப்பாவிடம் போய்விடுமாமே என்று கேட்கிறார்கள். அப்படி ஒரு வயதுக் கணக்கு இந்த நாட்டுச் சட்டத்தில் இல்லை. பிள்ளையின் நலன்தான் அளவுகோல், தாய் என்பதாலேயே தாய்க்கும் தானாகக் கிடைத்துவிடாது. பதினெட்டு வயதோடு பணம் நின்றுவிடுமா? சொந்தக் காலில் நிற்கும்வரை கடமை உண்டு. பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கு விவாகரத்து எங்கே? 2010 முதல் பிராந்திய நீதிமன்றத்திலும் முடியும், உயர் நீதிமன்றம்தான் என்றில்லை. பிள்ளைகளின் ஏற்பாடு சரியாக இருக்கிறது என்று திருப்திப்படாமல் நீதிபதி தீர்ப்புத் தர மாட்டார்.

என் மாமியாரே ஒரு நாள் தனியாக அழைத்து, "பேரப்பிள்ளைகளைப் பார்க்க எனக்கும் சட்டத்தில் வழி உண்டா?" என்று கேட்டார். உண்டு அத்தை, அக்கறையுள்ள யாரும் மனுக் கொடுக்கலாம் என்றேன். கூடவே, பெற்றோரால் முடியாதபோது தாத்தா பாட்டியும் பராமரிப்புப் பணம் கட்ட வேண்டிவரலாம் என்றும் சொன்னேன். மனு எதுவும் வரவில்லை; ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்தான் நேரில் வருகிறார்.

அடுத்த ஜனவரியில் மகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறாள். கட்டணம் வேறு, சீருடை வேறு, பஸ் வேறு. பழைய ஆணையின் தொகை போதாது. தொகையைக் கூட்டக் கேட்டு அதே நீதிமன்றத்தில் மனுக் கொடுத்திருக்கிறேன். பள்ளியின் கட்டணக் கடிதமும் புதிய சம்பளச் சீட்டும் முதல் கோப்பில் சேர்ந்துவிட்டன. விசாரணைத் தேதி வந்திருக்கிறது, வேலையில் விடுப்புச் சொல்ல வேண்டும்.